மணல் நிறத்தில் ஒரு ‘மேலும் படிக்க’

தங்கை டெல்சி தன் பாதிக் கடையை விற்கப்போகிறாள் என்ற செய்தி நயிபேயின் காதில் விழுந்த இடத்தில் போன வாரம் நின்றோம். நயிபே அழவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. நீல சாட்டின் கேட்ட வாடிக்கைக்காரிக்கு, கேட்ட அளவுக்கு மேல் ஒரு சாண் வெட்டிக் கொடுத்துவிட்டாள். அந்தத் தெருவுக்கு அது போதும். துணிக்கடை நயிபே கை தவறி ஒரு சாண் கூடுதலாகக் கொடுத்தாள் என்றால் அந்த வீட்டில் இடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொலம்பியாவின் கடற்கரை ஊரான பர்ராங்கியாவின் கடைத்தெருவில் அக்காவும் தங்கையும் அப்பா விட்டுப்போன ஒரே கடையில்தான் வியாபாரம் செய்தார்கள். அக்காவுக்குத் துணி. தங்கைக்கு ஜமிக்கி, பொத்தான், சரிகை. போன கார்னிவலில் ஒரு நடனக்குழுவுக்கு உடை தைக்கும் விஷயத்தில் வாய் தடித்து, கடைக்கு நடுவே பலகைச் சுவர் எழும்பியது. அன்றோடு பேச்சும் நின்றது. இப்போது டெல்சி தன் பாதியைச் செல்போன் உறை விற்கிற ஒரு மலைநாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பனாமாவில் இருக்கும் மகனோடு போய்ச் சேரப்போகிறாள். கையெழுத்து இன்று மாலை.

தங்கையைத் தடுக்க வேண்டும். ஆனால் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக நயிபேயின் கால் எழும்பாது. நல்லவேளையாக நடுவில் ஒரு வழி இருந்தது. கடைக்கு ஒரு வலைப்பூ உண்டு. எந்த ஆட்டத்துக்கு எந்தத் துணி, எந்தக் கார்னிவல் ராணிக்கு எந்த ஆண்டு பாவாடை கிழிந்தது என்றெல்லாம் நயிபே அதில் எழுதுவாள். கடற்கரை முழுக்கப் பெண்கள் படிப்பார்கள். டெல்சியும் படிப்பாள். படிக்கும்போது தும்மல் மாதிரி ஒரு சிரிப்பு வரும் அவளுக்கு. பலகைச் சுவர் அதை மறைப்பதில்லை.

ஆகவே நயிபே நேற்று முழுக்க ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு பதிவு எழுதி முடித்தாள். இன்று காலை அது வெளியானது. அதே காலையில், வலைப்பூவின் புதிய தோற்றமும் வெளியானது. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

தோற்றத்தைச் செய்தவள் மகள் மர்லெனிஸ்.

கடைக்குள் பலகை போட்டு எழுப்பிய மேல்தட்டில், துணிச் சுருள்களுக்கு நடுவே, ஒரு பெரிய திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். மாட்ரிட்டிலும் சாந்தியாகோவிலும் இருக்கிறவர்களுக்கு வலைப்பூத் தோற்றங்கள் செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. இது அப்படியல்ல. யாருக்காகவும் செய்யாமல் தனக்காகச் செய்தது. அடுத்த மாதம் தன் பெயரிலேயே விற்பனைக்கு வைக்கப்போகிறாள். அதற்கு முன் சொந்தக் கடையில் ஓட்டிப் பார்க்கிறாள்.

திரையில் மூன்று பதிவுகள், மூன்று கட்டங்களாக, ஒரே உயரத்தில் நின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எழுத்து, அதோடு வெட்டு. வெளிர் பழுப்புப் பின்னணி. ஒரு வரி கூட முண்டியடிக்கவில்லை. மர்லெனிஸ் பின்னால் சாய்ந்து பார்த்தாள். ஊரில் எங்கேயும் கிடைக்காத அமைதி அதில் இருந்தது.

அண்ணன் யெசித் கடுங்காப்பியோடு ஏணியில் ஏறி வந்தான். கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிற பெண்களை உள்ளே அழைப்பது அவன் வேலை. அந்தத் தெருவில் அவன் குரலைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் இருக்கிறார்கள்.

“அழகா இருக்கு” என்றான். “மீதியை எங்க போய்ப் படிக்கறது?”

“இங்கேதான்.” மர்லெனிஸ் மவுஸை நகர்த்தி அம்புக்குறியை ஒரு கட்டத்தின் அடியில் வைத்தாள். வெறும் பழுப்பாக இருந்த இடத்தில், மணல் நிறத்தில் ‘மேலும் படிக்க’ என்று மெல்லிய எழுத்துகள் எழும்பி, பொன்னிறத்துக்கு மாறின.

“நீ கை வைக்கற வரைக்கும் எங்க இருந்துச்சு அது?”

“அங்கேயேதான் இருந்துச்சு. அடக்கமா இருக்கும். கிட்டப் போனாத்தான் தெரியும்.”

“வெட்கப்படுதுன்னு சொல்லு.” யெசித் காப்பியை உறிஞ்சினான். “இந்த வெட்கக்காரியைக் கொண்டுபோய் நம்ம வாசல்ல நிறுத்தினா, பொழுது சாயற வரைக்கும் ஒரு ஈ உள்ள வராது.”

“உன் மைக்குக்குப் பயந்து எதிர்ச் சாரியில நடக்கறவங்களை நான் தினமும் பாக்கறேன் அண்ணா.”

“அவங்க காசில்லாதவங்க.”

மர்லெனிஸ் திரைக்குத் திரும்பினாள். பிறந்ததிலிருந்து அவள் காதுக்குள் கூச்சல்தான். வாங்க ராணி, தொட்டுப் பாருங்க ராணி, பாக்கறதுக்குக் காசில்ல ராணி. மற்றவர்களின் வலைப்பூக்களைத் திறந்தாலும் அதேதான். சிவப்பில் ஒரு பொத்தான், அதற்குள் ஒரு அம்பு, அந்த அம்பு வேறு துள்ளும். யாரையும் கையைப் பிடித்து இழுக்காத ஒரு இடத்தைச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த ஆசைதான் மணல் நிறத்தில் அங்கே நின்றது.

கீழே இருந்து நயிபேயின் குரல் வந்தது. “வந்துடுச்சா?”

“வந்துடுச்சும்மா.”

“முழுசா?”

“முழுசா.”

“நீ படிச்சியா?”

“நீதானே படிக்காதேன்னு சொன்னே.”

“நான் சொல்றதையெல்லாம் கேக்கற பொண்ணா நீ? என்னிக்குக் கேக்கக் கூடாதோ அன்னிக்குக் கேட்டுட்டே.” நயிபே உதட்டுச் சாயத்தை இன்னொரு முறை பூசிக்கொண்டு, முக்காலியை இழுத்துச் சுவருக்குப் பக்கத்தில் போட்டாள். பெரிய வாடிக்கைக்காரி வருவதற்குக் கூட அவள் உதட்டுச் சாயம் புதுப்பித்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பொத்தான் டப்பாக்கள் குலுங்கின. மின்விசிறி கடகடத்தது. தும்மல் சிரிப்பு மட்டும் வரவில்லை.

வந்தது தையல்காரி நூரிஸ். துணியை முழம் போட்டு அளப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“நல்லாக் குடுத்தே நயிபே. இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்ததே பெருசு.”

“என்ன குடுத்தேன்?”

“தங்கச்சிக்குத்தான். படிச்சேன் படிச்சேன். எங்க சந்துல எல்லாரும் படிச்சாச்சு.”

நயிபேக்குப் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று முகத்தில் காட்டுவது வியாபாரத்துக்கு ஆகாது. சிரித்துவைத்தாள். அடுத்து வந்த, கார்னிவல் உடைக்கு இறகு விற்கிற இறகுக்காரரும் அதையேதான் சொன்னார். பழச்சாறு விற்கிறவள் வந்து, எதுவும் சொல்லாமல், ஒரு கோப்பைக் கோரோசோப் பழச்சாற்றைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டு, போர்க்களத்துக்குப் போகிறவள் தோளைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டுப் போனாள்.

மேல்தட்டில் மர்லெனிஸின் விரல்கள் நின்றன. அம்மா தங்கையைக் கூப்பிடத்தான் எழுதினாள். ஊர் ஏன் சண்டைக்குக் கைதட்டுகிறது?

அவள் அதை யோசித்து முடிப்பதற்குள் வாசலில் டெல்சி நின்றாள்.

சுவர் எழும்பிய பிறகு இந்தப் பக்க வாசற்படியில் அவள் செருப்புப் படுவது இதுவே முதல் தடவை. கையில் செல்போன், கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக் கண்ணாடி, விரல்களில் கத்தி மாதிரி நீண்ட செயற்கை நகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜமிக்கி. உள்ளே வரவில்லை. யெசித் மைக்கை இறக்கிக்கொண்டான்.

“படிச்சேன், அம்மணி” என்றாள் டெல்சி. சுவருக்குப் பிறகு அக்கா, அம்மணியாகிவிட்டிருந்தாள்.

நயிபே முக்காலியில் இருந்து எழுந்தாள். “படிச்சியா?”

“கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத்தான் எழுதறே. ஊருக்கே விளங்கும்படி.”

“ஊருக்கில்ல. உனக்குத்தான் எழுதினேன்.”

“தெரியுது. பதில் வேணுமில்லையா? சாயங்காலம் கையெழுத்துப் போடறேன். அதுதான் பதில்.”

அவ்வளவுதான். திரும்பி நடந்தாள். நகங்கள் செல்போன் மேல் டக்டக்கென்று பட்ட சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

நயிபே மெதுவாக உட்கார்ந்தாள். மர்லெனிஸ் ஏணியில் பாதி இறங்கியிருந்தாள்.

“அம்மா.”

“என்னால முடிஞ்ச வரைக்கும் இறங்கி வந்தேன்” என்றாள் நயிபே, துணி மேசையைப் பார்த்துக்கொண்டு. “அதுக்குக் கீழ இறங்க என்கிட்ட படி இல்ல. அதையும் படிச்சுட்டு அவ போறான்னா, சரி. போகட்டும்.”

பேரம் முறிந்தால் நயிபே வழக்கமாக வாடிக்கைக்காரியைச் சபிப்பாள். இன்று சபிக்கவில்லை. சுருளில் இருந்து தொங்கிய ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

மர்லெனிஸ் மேலே ஓடினாள். பதிவைத் திறந்தாள். அம்மாவின் பேச்சைத் தாமதமாக மீறி, முதல் வரியிலிருந்து படித்தாள்.

முதல் பகுதி நெருப்பு. ‘என் தங்கை டெல்சி போன கார்னிவலில் என் கண்ணெதிரே ஒரு நடனக்குழுவையே தட்டிக்கொண்டு போனாள். அன்று அவள் என்னைப் பேசிய பேச்சை எதிரி கூடப் பேசமாட்டான். நடுவில் சுவர் வைக்கச் சொன்னது நான்தான். அதற்காக இன்று வரை நான் வருத்தப்படவில்லை.’

முகப்பில் தெரிவது அவ்வளவுதான். மூன்று கட்டங்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்று மர்லெனிஸ் போட்ட கணக்கு, எழுத்தைச் சரியாக அந்த இடத்தில் வெட்டியிருந்தது.

வெட்டுக்கு அப்புறம் இருந்தது இது. ‘இதுவரை சொன்னது வாசலில் சொல்கிற விலை. இனி உள்ளே சொல்கிறேன். அந்தக் குழு கேட்டது வெள்ளிநிறம். என்னிடம் தேங்கிக் கிடந்தது தங்கநிறம். நான் என் சரக்கைத் தள்ளப் பார்த்தேன். டெல்சி அவர்கள் கேட்டதைக் கொடுத்தாள். அப்பா இருந்தால் அவள் பக்கம்தான் பேசியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கிப்பே கறி உருண்டை செய்கிறேன், அவளுக்குப் பிடித்த மாதிரி புதினாவை அள்ளிப்போட்டு. அவள் வந்தால் பலகையை எந்த ஆணியில் இருந்து பிடுங்குவது என்று பேசலாம். டெல்சி, கடையைக் கொடுத்துவிடாதே. அந்தப் பக்கத்தில் செல்போன் உறை தொங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் துணி கிழிக்க முடியாது.’

மர்லெனிஸ் அம்மாவின் செல்போனை வாங்கி வலைப்பூவைத் திறந்தாள். நெருப்பு இருந்தது. அதன் அடியில் வெறும் பழுப்பு. விரலால் தடவினாள், தட்டினாள், மேலும் கீழும் தள்ளினாள். மணல் நிற எழுத்து எழும்பவே இல்லை.

மவுஸால் அம்புக்குறியைக் கொண்டுபோனால்தான் அது எழும்பும். செல்போனில் அம்புக்குறி ஏது? பெரிய திரையில் பார்த்துப் பார்த்தே செய்தவளுக்கு அது தோன்றவில்லை. டெல்சிக்கு, நூரிஸுக்கு, இறகுக்காரருக்கு, சந்து முழுவதற்கும் கடை வாசலோடு முடிந்துவிட்டது. உள்ளே ஒரு கடை இருப்பதே தெரியவில்லை.

கீழே வந்து சொன்னாள். மழுப்பாமல் சொன்னாள். நயிபே செல்போனை வாங்கி, தூரமாகப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“என் கிப்பே எங்க?”

“உள்ள இருக்கு. யாராலயும் உள்ள போக முடியல.”

“அப்ப அவ வாங்கிக்கிட்டது திட்டு மட்டும்தானா?”

“ஆமாம்மா. நீ ஏன் திட்டுலேர்ந்து ஆரம்பிச்சே?”

“வேற எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?” நயிபேக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “எடுத்த எடுப்புல கடைசி விலையைச் சொன்னா எவ மதிப்பா? மேலேர்ந்து இறங்கினாத்தான் இறங்கினது கண்ணுக்குத் தெரியும். டெல்சி மட்டும் சும்மாவா, அவளும் இந்தக் கல்லாவுல வளர்ந்தவதான். படிச்சிருந்தா கணக்கு அவளுக்குப் புரிஞ்சிருக்கும்.”

“நீ இறங்கற படிக்கட்டை நான் மறைச்சுட்டேன்.”

நயிபே மகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று மர்லெனிஸ் எதிர்பார்த்தாள். நயிபே மேசை மேல் இருந்த பழச்சாற்றை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“குடி. குடிச்சுட்டு வேலையைப் பாரு. அந்த மலைநாட்டுக்காரன் இன்னும் வரல.”

“நான் போனை எடுத்துக்கிட்டுப் போய்ச் சித்திகிட்ட காட்டட்டுமா?” என்றான் யெசித்.

“காட்டு. ‘நான் வந்து ரெண்டு வார்த்தை கேட்டதும் பயந்துபோய் இதை எழுதிச் சேர்த்தா’ன்னு சொல்லுவா. சரக்கைத் தூக்கிக்கிட்டு வாடிக்கை பின்னாடி ஓடினா, திருட்டுச் சரக்குன்னுதான் நினைப்பாங்க. அவளே பாக்கணும். அவளே தட்டணும்.”

“அப்ப வெட்டையே எடுத்துடறேன்” என்றாள் மர்லெனிஸ். “முழுசும் முகப்புலயே வந்துடும்.”

“கூடாது. காலையில ரெண்டு தடவை பார்த்திருக்கா. இப்ப நீளமாத் தெரிஞ்சா அப்பவும் சேர்த்ததுன்னுதான் சொல்லுவா. அதுவும் இல்லாம, இறக்கின விலையை வாசல்ல நின்னு கத்தறதா? உள்ள கூப்பிட்டுத்தான் சொல்லணும். எல்லாம் அப்படியே இருக்கட்டும். கதவை மட்டும் தெரிய வை.”

அம்மாவும் மகளும் மேல்தட்டில் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நயிபேக்கு ஏணி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஆனால் கட்டளை போடுவதற்கு மூச்சு தட்டுப்பாடு இல்லை.

“சிவப்பு. பெருசா. மினுக்கணும்.”

“மினுக்கறது கிடையாது.”

“ரெண்டு பக்கமும் நட்சத்திரம்.”

“அம்மா.”

“ஒரு பக்கம்.”

“நட்சத்திரமே கிடையாது. ஓரமா ஒரு கோடு போடறேன்.”

“கோடு கெட்டியா இருக்கணும்.”

“கெட்டியாப் போடறேன்.”

“அப்படின்னா நட்சத்திரத்தை விட்டுடறேன்” என்றாள் நயிபே. ஆரம்பத்திலேயே அவளுக்கு வேண்டியிருந்தது கோடுதானோ என்று மர்லெனிஸுக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

முதலில் அவள் அம்புக்குறிக்காகக் காத்திருக்கும் விதியை அழித்தாள். இனி எழுத்து எப்போதும் நிற்கும். யாரும் கிட்டப் போக வேண்டியதில்லை. அடிக்கோடு போட்டாள், அடிக்கோடு இருந்தால்தான் இது தட்டுகிற எழுத்து என்று கண்ணுக்குத் தெரியும் என்பதை வாடிக்கையாளர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொந்த வேலையில்தான் மறந்துபோயிற்று. எழுத்தைச் சுற்றி மேலும் கீழும் நல்ல இடைவெளி விட்டாள்.

“எதுக்கு இவ்ளோ வெத்து இடம்?”

“அது வெத்து இடம் இல்ல. அங்க தட்டினாலும் திறக்கும். சித்தி நகத்தைப் பார்த்தே இல்ல? அவங்க விரலோட வயித்துல தட்டறாங்க, குறி தப்பும்.”

நயிபே மெச்சிக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. உதட்டைப் பிதுக்கினாள். அவள் அகராதியில் அது மெச்சல்தான்.

நிறத்தில்தான் இழுபறி. நயிபே கீழே குரல் கொடுத்து, துண்டுத் துணிகளை யெசித்தை எறியச் சொன்னாள். மணல் நிறச் சாட்டினைத் திரையின் பழுப்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். துணி இருக்கிற இடமே தெரியவில்லை. சிவப்பைப் பிடித்தாள். அது அவள் கண்ணையே உறுத்தியது.

“இது கசாப்புக் கடை மாதிரி இருக்கு” என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

மர்லெனிஸ் குவியலில் இருந்து ஒரு அடர்ந்த கத்தரிப்பூ நிறத் துண்டை உருவினாள். பழுப்பின் மேல் வைத்ததும் அது கத்தாமல் நின்றது. நிற்கிறது என்றும் தெரிந்தது.

“இது.”

“இது” என்றாள் நயிபே. பேரம் பேசவில்லை.

மிச்சம் இருந்தது வாசகம்.

“‘மேலும் படிக்க’ன்னே இருக்கட்டுமே” என்றாள் மர்லெனிஸ்.

“பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு” என்று கீழே இருந்து யெசித் சொன்னான். “சித்தி பள்ளிக்கூடத்துல இருந்து ஓடி வந்தவங்க.”

“இந்த ஒரு பதிவுக்கு மட்டும் வேற வார்த்தை போடலாம். என்ன போடட்டும்?”

நயிபே யோசித்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் நாக்குக்கு வராது. வந்தால் டெல்சியே நம்பமாட்டாள். ஞாயிறு, கிப்பே என்றெல்லாம் முகப்பில் போட்டால் நூரிஸும் சாப்பிட வந்துவிடுவாள்.

“விலை கேட்டுட்டு ஒருத்தி படி இறங்கிப் போறா” என்றாள் கடைசியில். “அப்ப இந்தத் தெருவுல என்னன்னு கூப்பிடுவோம்?”

மர்லெனிஸுக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்த கூச்சல்களில் அதுதான் ரொம்பப் பழையது. கத்தரிப்பூ நிறத்தில், கெட்டியான அடிக்கோட்டின் மேல் அதைத் தட்டெழுதினாள்.

‘கடைசி விலை கேட்டுவிட்டுப் போ.’

அம்மாவின் செல்போனில் தட்டிப் பார்த்தாள். திறந்தது. புதினா, ஆணி, பலகை எல்லாம் இருந்தன.

“முடிஞ்சுதா?”

“நம்ம பக்கம் முடிஞ்சுது. ஆனா சித்தி போன் காலையில பார்த்த பக்கத்தையே பத்திரமா வெச்சிருந்தா, பழசையேதான் காட்டும். அதை நான் இங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது.”

“அவ மறுபடியும் எதுக்குத் திறக்கணும்?” என்றாள் நயிபே. அதுதான் நிஜமான கேள்வி. 

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் தெரு ஆறாகிவிடும், கார்கள் மிதக்கும். அதனாலோ என்னவோ மலைநாட்டுக்காரர் எவெலியோ சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வளர்த்த நாயைக் கூட ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடுகிற ஆள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. காகிதங்கள் விரிக்கப்பட்டன. நயிபே சத்தம் வராமல் ஏணியில் இறங்கி, முக்காலியில் உட்கார்ந்தாள். மர்லெனிஸ் பலகையில் காதை வைத்தாள். யெசித் மைக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தான்.

“எல்லாம் சரிங்க சீமாட்டி” என்றது எவெலியோவின் குரல். “மனசுல இருக்கறதை ஒண்ணு கேக்கணும். இவ்வளவு நல்ல இடம். முன்னாலயே பஸ் நிக்குது. ஏங்க விக்கறீங்க? கூரை ஒழுகுதா? சாக்கடை ஏறுதா? குறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

“கூரையில குறையில்ல.”

“பின்ன?”

“குறை அந்தச் சுவருக்குப் பின்னாடி உக்காந்திருக்கு.”

நயிபே நெற்றியைச் சுருக்கினாள். மர்லெனிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புரியலைங்க.”

“என் வாயால எதுக்குச் சொல்லணும்? அவளே எழுதியிருக்கா, நீங்களே படிச்சுக்குங்க.” நகங்கள் டக்டக்கென்று திரையில் பட்டன. “இந்தாங்க.”

 எவெலியோ உதட்டுக்குள்ளேயே படிக்கிற ஆள் போலும், முணுமுணுப்பு வந்தது. நடனக்குழு, எதிரி, சுவர். பிறகு நின்றது.

“ரொம்பக் காரமா இருக்குங்க” என்றார். “அப்புறம் இது என்னங்க? ‘கடைசி விலை கேட்டுவிட்டுப் போ’ன்னு போட்டிருக்கு.”

“எது?”

“இதோ, அடியில. ஊதா எழுத்து. தட்டினா என்ன ஆகும்?”

“தட்டாதீங்க. குடுங்க இப்படி.”

 அந்தப் பக்கம் கண்ணாடிச் சங்கிலி கிணுகிணுத்தது. விரலின் வயிறு திரையில் படுவதற்குச் சத்தம் கிடையாது. ஆனால் அதற்கப்புறம் வந்த மௌனத்தைக் கேட்டால், பட்டுவிட்டது என்று தெரிந்தது.

முதல் மழைத்துளிகள் தகரக் கூரையில் விழுந்தன.

“சீமாட்டி, மழை வருதுங்க. இங்கயும் இங்கயும் கையெழுத்து.”

“கொஞ்சம் பொறுங்க” என்றாள் டெல்சி. “இன்னும் படிக்கறதுக்கு இருக்கு.”

யெசித் கடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.  மழை வலுத்தது. பழச்சாறு விற்கிறவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. நூரிஸ் யாரையோ திட்டினாள். எவெலியோ தொண்டையைக் கனைத்தார், மறுபடியும் கனைத்தார்.

பிறகு அந்தப் பக்கம் காலடி கேட்டது. சுவரை நோக்கி வந்தது. மர்லெனிஸின் காதுக்கு நேரே, பலகைக்கு அப்பால், நின்றது.

“ஞாயித்துக்கிழமைன்னு எழுதியிருக்கே” என்றாள் டெல்சி. பெயரைச் சொல்லவில்லை. அம்மணி என்றும் சொல்லவில்லை. பலகையைப் பார்த்துத்தான் கேட்டாள். “எந்த ஞாயித்துக்கிழமை?”

யெசித் வாயைத் திறந்தான். நயிபே கையை உயர்த்தி அவனை அடக்கினாள். அவள் கண்களில் நீர் நிறைந்திருந்தது. முகம் மட்டும் வியாபார முகம்.

“அம்மா, பதில் சொல்லும்மா” என்று மர்லெனிஸ் மூச்சுக்குள் கெஞ்சினாள்.

“ஷ். விலை கேட்டுட்டா” என்றாள் நயிபே, அதே மூச்சுக்குள். “கேட்டவகிட்ட உடனே சொல்லக் கூடாது. கொஞ்சம் நிக்கட்டும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் எவெலியோ பேனாவின் மூடியைக் கழற்றினார். “மழை நிக்கறதுக்குள்ள முடிச்சுடலாமுங்களா, சீமாட்டி?” என்றார்.

டெல்சியின் காலடி பலகையை விட்டு நகரவில்லை. நயிபேயின் கை இன்னும் இறங்கவில்லை. ஆனால் இன்னொரு கை பலகையில் ஆணியைத் தடவித் தேட ஆரம்பித்திருந்தது.